நிறை குறைந்த பின் எலும்பைப் பார்ப்பது யார்?

(நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவிகள் சங்கம் நடத்திய சுகாதாரக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கத்தார் என்னைக் கேட்டது “பெண்களும் எலும்பு ஆரோக்கியமும்” என்ற பொதுத் தலைப்பில் பேசும்படி. பால் குடியுங்கள், வெயிலில் நில்லுங்கள், நடவுங்கள் என்று அரை மணித்தியாலம் பேசிவிட்டு நான் இறங்கலாம். ஆனால் அதை நீங்கள் வட்ஸ்அப்பில் வாரம் இரண்டு முறை வாசிக்கிறீர்கள். ஆகவே தலைவியின் அனுமதியுடன் தலைப்பைச் சுருக்கிக்கொண்டேன். உடல் நிறையைக் குறைப்பதற்காக இரைப்பையில் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களின் எலும்புகளைப் பற்றி மட்டும் பேசப் போகிறேன்.

இந்த மண்டபத்தில் யார் யார் செய்திருக்கிறீர்கள் என்று கை உயர்த்தச் சொல்ல மாட்டேன், பயப்பட வேண்டாம். ஆனால் லண்டன், ரொறன்ரோ, மெல்பேர்ண், கொழும்பு என்று பரந்து வாழும் இத்தனை பேரில் ஒருவரும் செய்யவில்லை என்றால் நான் நம்ப மாட்டேன். செய்தவர் இங்கே இல்லாவிட்டால் அவருடைய தங்கச்சியோ மகளோ இருப்பார். கேட்டுவிட்டுப் போய்ச் சொல்லுங்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நான் இந்தச் சத்திரசிகிச்சைக்கு எதிரானவள் அல்ல. தேவையானவர்களை நானே சத்திரசிகிச்சை நிபுணரிடம் அனுப்புகிறேன். இரண்டாம் வகை நீரிழிவு பலருக்கு மருந்தில்லாமலே கட்டுப்பாட்டுக்குள் வருகிறது. இரவில் மூச்சுத் திணறி எழும்பியவர்கள் நிம்மதியாக உறங்குகிறார்கள். முழங்கால் வலியால் மாடிப்படி ஏற முடியாதிருந்தவர் ஏறுகிறார். எங்களைப் போன்ற ஆசிய நாட்டவர்களுக்கு, குறைந்த உடற்திணிவுச் சுட்டெண்ணிலேயே நீரிழிவும் இதய நோயும் வந்துவிடுகின்றன. அதனால் 2022 ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டல் ஆசியர்களுக்கு 27.5 இலிருந்தே இதைப் பற்றி யோசிக்கலாம் என்கிறது. “சாப்பாட்டைக் குறைக்க முடியாத சோம்பேறிகளின் குறுக்கு வழி” என்று உறவினர்கள் சொல்வது மருத்துவமும் அல்ல, மனிதத்தன்மையும் அல்ல. அந்தப் பேச்சால் வரும் தீங்கைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஒருவரின் கதையை, ஆளடையாளத்தை மாற்றிச் சொல்கிறேன். வயது ஐம்பத்தைந்து அளவில். ஐரோப்பிய நகரமொன்றில் வசிப்பவர். கோயில் திருவிழாவுக்கு ஊருக்கு வந்த இடத்தில் கிணற்றடியில் வழுக்கிக் கையை ஊன்றி விழுந்தார், மணிக்கட்டு முறிந்தது. பொருத்திக்கொண்டு திரும்பிப் போனார். இரண்டு வருடம் கழித்து மறுபடி வந்தபோது முதுகு வலி. எக்ஸ்-றேயில் முள்ளந்தண்டு எலும்பொன்று நசிந்திருந்தது. என்னிடம் அனுப்பினார்கள். கையில் ஒரு தடித்த கோவை, அதற்குள் வருடக்கணக்கான இரத்தப் பரிசோதனை அறிக்கைகள். எல்லாவற்றிலும் கல்சியம் சரியான அளவில். “எனக்குக் கல்சியம் குறைவில்லை” என்று அவரே சொன்னார்.

முன்னர் ஏதாவது சத்திரசிகிச்சை நடந்ததா என்று கேட்டேன். “ரெண்டு சிசேரியன்” என்றார். கூட வந்திருந்த மச்சாள் தொலைபேசி அழைப்புக்காக வெளியே போனதும் குரலைத் தாழ்த்தினார். “பத்து வரியத்துக்கு முதல் வயித்தைச் சின்னனாக்கிற ஒப்பரேசன் செய்தனான் டொக்டர். ஊரிலை ஒருத்தருக்கும் தெரியாது. நடந்து மெலிஞ்சனான் எண்டுதான் சொல்லி வைச்சிருக்கிறன்.”

பத்து வருடம். அதில் முதல் இரண்டு வருடம் அங்கேயுள்ள வைத்தியசாலையில் கண்காணித்திருக்கிறார்கள். பிறகு வீடு மாறியிருக்கிறார், குடும்ப வைத்தியர் மாறியிருக்கிறார், விற்றமின் குளிசைகளும் ஒவ்வொன்றாக நின்றுவிட்டன. மணிக்கட்டு முறிந்தபோது கொடுத்த வழமையான கல்சியம் குளிசையும், வாரம் ஒருமுறை விழுங்கும் அலென்ட்ரோனேற் குளிசையும் அவருக்குப் பொருத்தமானவை அல்ல. கொடுத்தவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கும் “ரெண்டு சிசேரியன்” என்றுதான் சொல்லப்பட்டிருந்தது.

அப்படியானால் இரத்தத்தில் கல்சியம் எப்படிச் சரியாக இருந்தது? இன்றைய பேச்சில் ஒரே ஒரு விடயத்தைத்தான் நினைவில் வைத்திருப்பீர்கள் என்றால், அது இதுவாக இருக்கட்டும்.

எங்கள் உடம்பில் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் கல்சியம் இருக்கிறது. அதில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும். மிகுதிச் சிறு பங்கை வைத்துத்தான் இதயம் துடிக்கிறது, தசை சுருங்குகிறது, நரம்பு வேலை செய்கிறது. ஆகவே இரத்தக் கல்சியம் குறைய உடம்பு இடம் கொடுக்காது. சாப்பாட்டிலிருந்து வருவது குறைந்தால், கழுத்திலுள்ள நான்கு சின்னஞ்சிறு பரதைரொயிட் சுரப்பிகள் தம் ஓமோனைக் கூட்டிச் சுரந்து, எலும்பிலிருந்து கல்சியத்தை எடுத்து இரத்தத்துக்குக் கொடுக்கும். வருமானம் நின்ற வீட்டில் சமையல் குறையாமல் நடக்கிறது, பிள்ளைகளுக்கு ரியூசன் காசு போகிறது, அயலாருக்கு ஒன்றும் தெரியவில்லை. அலுமாரியிலுள்ள நகை மட்டும் ஒவ்வொன்றாக அடகுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. இரத்தக் கல்சியம் அந்த வீட்டுச் சமையல். அதைப் பார்த்துவிட்டு நகைப்பெட்டி நிறைந்திருக்கிறது என்று சொல்ல முடியாது.

நான் சொன்னவருக்கு விற்றமின் டி மிகவும் குறைந்திருந்தது. பரதைரொயிட் ஓமோன் இருக்க வேண்டிய உச்ச அளவைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். அல்கலைன் பொஸ்படேஸ் என்ற நொதியமும் கூடியிருந்தது. கோவையிலிருந்த பழைய அறிக்கைகளில் இந்த நொதியம் வருடத்துக்கு வருடம் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. ஈரல் சரியாக இருக்கிறது என்று பார்த்துவிட்டு விட்டிருக்கிறார்கள்.

சத்திரசிகிச்சையில் என்ன நடக்கிறது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். இன்று அதிகம் செய்யப்படுபவை இரண்டு. ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி அகற்றி, வாழைப்பழ வடிவில் ஒரு குழாயை விட்டுவைப்பார்கள். பைபாஸ் முறையில் இரைப்பையின் மேற்பகுதியில் இரண்டு மேசைக்கரண்டி கொள்ளக்கூடிய ஒரு சிறு பையை மட்டும் பிரித்தெடுத்து, அதைச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு நேரே பொருத்திவிடுவார்கள். உணவு முன்சிறுகுடலைத் தொடாமல் போகிறது. கல்சியத்தை ஊக்கமாக உறிஞ்சுவது, உயர்தரத்தில் உயிரியல் படித்தவர்களுக்கு நினைவிருக்கும், அந்த முன்சிறுகுடலும் அதையடுத்த பகுதியும்தான். கதவு இருக்கிற இடத்தையே கடந்து போய்விடுகிறோம். 2015 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பைபாஸுக்கு முன் உணவுக் கல்சியத்தில் ஏறத்தாழ 33 சதவீதத்தை உறிஞ்சியவர்கள், ஆறு மாதத்தின் பின் 7 சதவீதத்தைத்தான் உறிஞ்சினார்கள். அவர்களுக்கு விற்றமின் டி போதிய அளவு இருந்தது என்பதையும் கவனியுங்கள்.

குடல் மட்டும் காரணமல்ல. எலும்பு தான் சுமக்கும் பாரத்துக்கேற்பவே தன்னைக் கட்டிவைத்திருக்கும். முப்பது கிலோ குறைந்தால் அந்தப் பாரமும் குறைகிறது. கொழுப்போடு சேர்ந்து தசையும் கரைகிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்குக் கொஞ்சமாவது ஈஸ்ட்ரஜன் கிடைப்பது கொழுப்பிழையத்திலிருந்துதான். அதுவும் குறைகிறது. குடலிலிருந்து சுரக்கும் ஓமோன்கள் மாறுவதற்கும் ஒரு பங்கு உண்டு.

பைபாஸ் செய்த முதல் வருடத்தில் இடுப்பு மூட்டுப் பகுதியின் எலும்படர்த்தி 8 சதவீதம் அளவில் குறைவதை ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வுகள் காட்டியுள்ளன. மாதவிடாய் நின்ற பெண் வழமையாக வருடத்துக்கு 1, 2 சதவீதம் இழப்பார். நிறை ஒரு நிலைக்கு வந்த பின்னரும் எலும்பின் இழப்பு சில வருடங்களுக்கு நிற்பதில்லை என்பதுதான் கவலைக்குரியது. ஸ்லீவில் இழப்பு இதைவிடக் குறைவு. இல்லை என்று சொல்ல முடியாது.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. பருமனான உடம்பில் எலும்படர்த்தி பொதுவாகக் கூடுதலாகவே இருக்கும். ஆகவே இழப்பு உயரமான ஓரிடத்திலிருந்து தொடங்குகிறது. சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களில் பெரும்பாலானோருக்கு எலும்பு முறிவதில்லை. ஆனாலும் சுவீடனில் பைபாஸ் செய்த ஏறத்தாழ 39,000 பேரை, அதே பருமனுள்ள, சத்திரசிகிச்சை செய்யாதவர்களுடன் ஒப்பிட்டு 2018 இல் வெளியிட்ட ஆய்வில் முறிவு அபாயம் 30 சதவீதம் அளவில் கூடியிருந்தது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 12,676 பேரை ஆராய்ந்து 2016 இல் வெளியிட்டதில் எனக்கு முக்கியமாகப் படுவது முறிந்த இடம். முன்னர் அவர்களுக்குக் கணுக்காலும் கீழ்க்காலும் முறிந்தன. பருமனானவர்களுக்கு முறிவது அப்படித்தான். சத்திரசிகிச்சைக்குச் சில வருடங்களின் பின் கை, முள்ளந்தண்டு, இடுப்பு, தொடை என்று மாறியது. வயதான, எலும்பு நலிந்த பெண்களுக்கு முறிகிற இடங்கள் அவை. இந்த மாற்றம் பெரும்பாலும் கண்காணிப்பு நின்றுபோகும் காலத்தில்தான் தலைகாட்டுகிறது. வெட்டியது ஒரு நாட்டில், முறிவது இன்னொரு நாட்டில் என்ற எங்கள் வாழ்க்கைக்கு இது நன்றாகவே பொருந்தும்.

இனிச் செய்ய வேண்டியவை. உணவும் குளிசையும் சேர்த்து நாளொன்றுக்கு 1,200 முதல் 1,500 மில்லிகிராம் கல்சியம். ஒரே தரத்தில் 500, 600 மில்லிகிராமுக்கு மேல் எடுத்துப் பயனில்லை, உறிஞ்சப்படாது. ஆகவே பிரித்து எடுக்க வேண்டும். இரும்புச்சத்துக் குளிசையுடன் சேர்த்து விழுங்கினால் இரண்டும் சண்டை பிடிக்கும்; இடையில் இரண்டு மணித்தியாலமாவது விடுங்கள். மருந்துக்கடையில் மலிவாகக் கிடைப்பது கல்சியம் காபனேற்று. அது கரைய இரைப்பை அமிலம் வேண்டும். உங்களுக்கோ அமிலம் குறைவு, போதாததற்கு ஒமெப்பிரசோலும் எடுப்பீர்கள். கல்சியம் சித்திரேற்று அமிலமில்லாமலும் உறிஞ்சப்படும், அதைக் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் காபனேற்றைச் சாப்பாட்டோடு எடுங்கள், வெறுவயிற்றில் வேண்டாம்.

விற்றமின் டி நாளுக்கு 3,000 அலகில் தொடங்கி, இரத்த அளவைப் பார்த்துக் கூட்டிக் குறைப்பது வழக்கம். இங்கே ஒரு குழப்பம். சில நாடுகளில் அறிக்கை நனோகிராமில் வரும், சில நாடுகளில் நனோமோலில். முதலாவதில் 30, இரண்டாவதில் 75. இரண்டும் ஒரே அளவு. ரொறன்ரோ அக்காவின் 70 ஐப் பார்த்துவிட்டு, தன்னுடைய 32 ஐ நினைத்துக் கொழும்புத் தங்கச்சி அழ வேண்டியதில்லை. அக்காவுக்குத்தான் கொஞ்சம் குறைவு. வெயில் நாட்டில் இருக்கிறோமே என்றும் இருந்துவிடாதீர்கள். எங்கள் தோல் நிறத்துக்குக் கூடுதல் வெயில் வேண்டும், நாங்களோ குடையோடும் நீளக்கையோடும் திரிகிறோம். இங்கிலாந்தில் ஒக்டோபரிலிருந்து மார்ச் தொடக்கம் வரை வெயிலில் நின்றாலும் விற்றமின் டி உருவாகாது.

பரிசோதனைக்குப் போகும்போது “கல்சியம் பாருங்கோ” என்று மட்டும் கேட்காதீர்கள். விற்றமின் டி, பரதைரொயிட் ஓமோன், அல்கலைன் பொஸ்படேஸ் மூன்றும் வருடத்துக்கு ஒரு தடவை. டெக்ஸா எனப்படும் எலும்படர்த்தி ஸ்கான் சத்திரசிகிச்சைக்கு முன் ஒன்று, இரண்டு வருடத்தின் பின் ஒன்று. அதன் பிறகு எவ்வளவு காலத்துக்கொன்று என்பதை வைத்தியர் சொல்வார். இவற்றுக்கு முடிவுத் திகதி கிடையாது. குடலை மாற்றியது ஆயுளுக்கும் என்றால் கவனிப்பும் ஆயுளுக்குத்தான்.

சாப்பாட்டில் எனக்குப் பெரிய கவலை புரதம். நாளுக்கு 60 கிராமாவது வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம்தான். எங்கள் கோப்பையில் சோறு மலை, கறி ஓரம். சத்திரசிகிச்சை செய்தவர் சோற்றில் தொடங்கினால் நான்கு வாயோடு வயிறு நிறைந்துவிடும், மீன் அப்படியே கிடக்கும். முதலில் மீன், முட்டை, பருப்பு, இடமிருந்தால் சோறு. எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சட்டியில் மிஞ்சிய குழம்போடு சாப்பிடும் பழக்கம் எங்கள் வீடுகளில் இன்னும் போகவில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவாவது முதற் பந்தியில் இருங்கள். முள்ளோடு சாப்பிடும் நெத்தலி நல்லது. தயிர் நல்லது, பைபாஸின் பின் பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் தயிர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். குரக்கன் நூறு கிராமில் 340 மில்லிகிராம் அளவில் கல்சியம் உண்டு, உண்மைதான். ஆனால் அந்தச் சின்னப் பைக்குள் நூறு கிராம் மாவுக்குரிய பிட்டு எங்கே போகும்? எள்ளுருண்டை பற்றியும் கேட்பீர்கள். எள்ளில் பிழையில்லை, அதிலுள்ள சீனியும் சர்க்கரையும் பைபாஸ் செய்தவருக்கு நெஞ்சு படபடத்து வியர்க்க வைக்கும். சாப்பாட்டால் மட்டும் ஈடுசெய்யலாம் என்று எண்ணிக் குளிசையை நிறுத்த வேண்டாம்.

உடற்பயிற்சி எலும்பின் இழப்பைக் குறைக்கிறது என்பதைச் சத்திரசிகிச்சை செய்தவர்களிடமே நடத்திய ஆய்வுகள் காட்டியுள்ளன. நடை நல்லது, ஆனால் போதாது. பாரம் தூக்க வேண்டும், கால் தரையில் அழுத்தமாகப் பட வேண்டும். இந்த மைதானத்தில் வலைப்பந்தாட்டம் ஆடியபோது நாங்கள் துள்ளி இறங்கிய ஒவ்வொரு தடவையும் எலும்புக்குக் கட்டளை போயிருக்கிறது. இப்போது துள்ள வேண்டாம், முழங்கால் என்னைத் திட்டும். கதிரையிலிருந்து கை ஊன்றாமல் பத்துத் தடவை எழும்பி இருங்கள், இரண்டு தண்ணீர்ப் போத்தல்களைத் தூக்குங்கள், சமநிலைக்கு ஒற்றைக் காலில் சுவரைப் பிடித்து நில்லுங்கள். ஏற்கெனவே முறிவு உள்ளவர்கள் இயன்மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும்.

மருந்துகளில் சில எச்சரிக்கைகள். பைபாஸ் செய்தவர்கள் டைக்குளோபெனாக், ஐபுபுரோபென் போன்ற வலிநிவாரணிகளைத் தவிர்க்க வேண்டும். பொருத்திய இடத்தில் புண் வரும். அலென்ட்ரோனேற் குளிசையும் அந்த இடத்தை அரிக்கலாம், உறிஞ்சப்படுவதும் நிச்சயமில்லை. தேவைப்பட்டால் சொலெட்ரோனிக் அசிட் என்ற மருந்தை நாளத்தினூடாக ஏற்றுவோம். ஆனால் அதற்கு முன் விற்றமின் டியையும் கல்சியத்தையும் நிரப்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் இரத்தக் கல்சியம் ஆபத்தான அளவுக்கு இறங்கும். நான் சொன்ன பெண்ணுக்கு அப்படித்தான் செய்தோம், நிரப்புவதற்கே மூன்று மாதம் எடுத்தது. நீரிழிவுக்குப் பயோகிளிற்றசோன் எடுப்பவர்கள், ஸ்ரீரொயிட் எடுப்பவர்கள் உங்கள் வைத்தியரிடம் எலும்பைப் பற்றி ஒரு வார்த்தை கேளுங்கள்.

இப்போது செமாகுளூட்டைட் போன்ற ஊசிகளைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். அவை குடலின் வழியை மாற்றுவதில்லை, ஆகவே கல்சியக் கதவு திறந்தே இருக்கும். ஆனால் நிறை வேகமாக இறங்கும்போது தசையும் இறங்கும். புரதமும் பாரம் தூக்குவதும் அவர்களுக்கும் வேண்டும்.

மகள்மார் இந்தச் சிகிச்சைக்குப் போவதாக இருந்தால் இரண்டு விடயம். சத்திரசிகிச்சையின் பின் 12 முதல் 18 மாதங்களுக்குக் கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும். அத்துடன் முப்பது வயதுக்குள்தான் எலும்பு தன் உச்ச அடர்த்தியை அடைகிறது. அந்த வயதில் எடுக்காமல் விட்ட குளிசைகளின் கணக்கு மாதவிடாய் நிற்கும்போது வரும். கலியாணப் பேச்சு வந்ததும் “மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரிந்துவிடும்” என்று பிள்ளையின் குளிசைப் போத்தலை ஒளித்துவைக்கும் தாய்மாரை நான் பார்த்திருக்கிறேன்.

ஊருக்கெல்லாம் சொல்லுங்கள் என்று நான் கேட்கவில்லை. உங்கள் உடம்பு, உங்கள் இரகசியம். ஆனால் வைத்தியருக்கும், பல் வைத்தியருக்கும், அவசர சிகிச்சைப் பிரிவில் உங்களைப் பார்க்கும் தாதியருக்கும் அது தெரிய வேண்டும். எந்த வகைச் சத்திரசிகிச்சை, எந்த வருடம், எந்த நாட்டு வைத்தியசாலை என்ற மூன்று விபரங்களை ஒரு துண்டில் எழுதிக் கைப்பையில் வையுங்கள். வைத்தியசாலை தந்த கடிதத்தைப் படம் பிடித்துத் தொலைபேசியில் வையுங்கள். கூட வந்தவருக்குத் தெரியக்கூடாதென்றால் “டொக்டரோடை தனியக் கதைக்க வேணும்” என்று சொன்னால் போதும், காரணம் கேட்கமாட்டோம். நான் சொன்ன பெண்ணுக்கு இப்போது மூன்று வருடமாகப் புதிய முறிவில்லை. மச்சாளுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது.

கேள்விகளை இப்போது இங்கேயே கேட்கலாம். ஒலிவாங்கியில் கேட்க விரும்பாதவர்களுக்காக, தேநீர் இடைவேளையில் பழைய இரசாயன ஆய்வுகூடத்துக்குப் பக்கத்து அறையில் இருப்பேன். ஒவ்வொருவராக வாருங்கள், கதவைச் சாத்திவிட்டுக் கதைக்கலாம்.